மிஸ் லர்லீனின் நாயும் ஆர்லீத்தாவின் பெரணியும்

ஆர்லீத்தா டாலிவர் அடக்கமான பெண் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்குத் தன் பெருமையைத் தானே பேசினால்தான் சோறு இறங்கும். பேசிவிட்டு, நாம் தலையாட்டுகிறோமா என்று வேறு பார்ப்பாள். வியாழக்கிழமை தோறும் என் முடி அலங்காரக் கடைக்கு வந்து நாற்காலியில் உட்காருவாள். சுருள் முடியை நீவி நேராக்கும் சூட்டுச் சீப்பை நான் எடுப்பதற்குள் அவள் பெரணிப் புராணத்தை எடுத்துவிடுவாள்.

"ஜெனீவா, இந்த அலபாமாவுல என் பெரணிச் செடி மாதிரி இன்னொண்ணு காட்டு பாப்போம். தொட்டில்ல போடலாம்டி அத. கொழந்த கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. நாய் தின்னா நாய்க்குக் கொண்டாட்டம்."

"தலைய ஆட்டாத. காது வெந்துடும்" என்பேன்.

முழங்கால் கெட்டுப்போகும்வரை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். டன்லப் கிராசிங் என்ற இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் படித்தார்கள். வேலையை விட்டதும் வீட்டில் முடங்கிவிடுவாள் என்று ஊர் நினைத்தது. அவளோ வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்டு ஒரு கொட்டகை எழுப்பி, பாஸ்டன் பெரணி வளர்க்கத் தொடங்கினாள். நீள நீளமாகத் தொங்கும் இலைகள், நம் இரண்டு கைக்குள்ளும் அடங்காத அகலம். அவளுடைய கிழட்டு வேட்டை நாய் பிஸ்கட் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில்தான் படுத்துக் கிடக்கும். வயிறு சரியில்லாத நாளில் எழுந்து நாலு இலையைக் கடித்துத் தின்று, வாசலில் கக்கிவிட்டு, மறுபடி வந்து படுத்துவிடும். ஆர்லீத்தா அதையும் பெருமையாகத்தான் சொல்வாள்.

எங்கள் ஊரில் மே மாதம் வராந்தாவில் பெரணி தொங்காத வீட்டைப் பார்த்தால், உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பொரித்த கோழியை எடுத்துக்கொண்டு போய் விசாரிப்போம். அன்னையர் தினத்துக்கு முந்தைய வாரம், சனிக்கிழமை, எங்கள் தேவாலயச் சபை முற்றத்தில் பெரணிச் சந்தை நடக்கும். ஆர்லீத்தா கொட்டகை வைத்த பிறகு சந்தையில் அவளுடைய செடி மட்டும்தான். ஒவ்வொரு தொட்டியையும் கையில் கொடுக்கும்போது ஒரே பாட்டுத்தான் பாடுவாள்: "தண்ணி ஊத்துங்க. வேற எதையும் போடாதீங்க. அதப் பாட்டுக்கு விடுங்க."

யார் கேட்டார்கள்? எங்கள் ஆட்களுக்கு ஒரு செடியை அதன் பாட்டுக்கு விடத் தெரியாது. ஒருத்தி விளக்கெண்ணெய் ஊற்றுவாள், இன்னொருத்தி காப்பித்தூள் சக்கையைக் கொட்டுவாள், வேறொருத்தி எலும்புத்தூள் போட்டுக் கிளறுவாள். என் பெரணிக்கு நான் எதுவும் போட்டதில்லை. அறிவு என்று நினைக்க வேண்டாம், சோம்பேறித்தனம்.

அந்த வருஷமும் இருப்பதில் பெரிய தொட்டி இரண்டைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போனவர் மிஸ் லர்லீன் ஹாட்செட். எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி; மூத்த பெண்களைக் கல்யாணமானாலும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் தொப்பியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்கள் தொப்பியைத் தேர்ந்தெடுப்பார்கள். "பஸ் ஓட்டினவளுக்குச் செடியப் பத்தி என்ன தெரியும்" என்று ஆர்லீத்தாவின் முதல் சந்தையில் சொன்னவரும் அவர்தான். சொல்லிவிட்டு இரண்டு தொட்டி வாங்கினார். கணவர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரும் புட்டிங்கும்தான். புட்டிங் என்பது நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு நாய். காலையில் என்ன சமைக்கலாம் என்று அதனிடம் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எப்படி இருந்தது என்று அதனிடம் சொல்வார். வீட்டில் அதை விட்டால் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. அந்த வருஷம் தோள்பட்டை வலி என்பதால் ஒரு பெரணியைத்தான் கொக்கியில் மாட்ட முடிந்தது. மற்றதை ஊஞ்சல் பக்கத்தில் தரையிலேயே வைத்துவிட்டார்.

சந்தை முடிந்த வியாழக்கிழமை. ஆர்லீத்தாவின் தலையில் வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் போகிறேன், தொலைபேசி அடித்தது. மிஸ் லர்லீனின் குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை. கடை முழுக்கக் கேட்டது.

"ஜெனீவா! உன் வராந்தாவுல தொங்குதே அந்த விஷச் செடி, அத உடனே தூக்கித் தெருவுல போடு. என் புட்டிங் சாகக் கெடக்குது. வாந்தி எடுத்திருக்கு, வாந்தி பூரா அவளோட எலை!"

"யாரோட எலை, மிஸ் லர்லீன்?"

"வேற யாரோடது? அந்த பஸ்காரியோடதுதான்! நான் எல்லார்க்கும் போன் போட்டாச்சு. ஞாயித்துக்கிழம சங்கத்துல பேசி இந்தச் சந்தைக்கு ஒரு முடிவு கட்டறேன்."

தொலைபேசியை வைத்தேன். ஆர்லீத்தா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் தலை காயவைத்துக்கொண்டிருந்த ஓடெஸ்ஸா மட்டும் சும்மா இல்லை. "பெரணி நாய்க்கு ஆகாதுன்னு நானும் எங்கயோ படிச்சேன்" என்றாள்.

"நீ படிச்சது அஸ்பராகஸ் பெரணி" என்றாள் ஆர்லீத்தா. "அது பெரணியே இல்ல. பார்க்க அப்படி இருக்குதுன்னு பேரு வச்சிட்டாங்க. தண்டுல முள்ளு இருக்கும், செவப்பாப் பழம் பழுக்கும். அந்தப் பழத்தத் தின்னா நாய்க்கு வயித்தால போகும், வாந்தி வரும். அதனாலதான் அந்தச் சனியன என் கொட்டாய் வாசப்படிய மிதிக்க விட்டதில்ல. என் செடிய பிஸ்கட் எத்தன வருசமாத் திங்குது? கொஞ்சம் அதிகமாத் தின்னா கக்கும். அதோட சரி."

"அப்ப அந்த நாய்க்கு என்ன?"

"அதான் எனக்கும் தெரியணும்" என்று எழுந்துவிட்டாள். தலையில் ஒரு பக்கம் படிந்து பளபளக்கிறது, மறுபக்கம் காதிலிருந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. "ஆர்லீத்தா, தலை!" என்றேன். "தலை கெடக்கட்டும், நீ வா" என்றாள். சீப்பை அணைத்துவிட்டு அவளுடைய பிக்கப் வண்டியில் ஏறினேன்.

சர்ச் தெருவில் திரும்பினோம். போன சனிக்கிழமை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போன தொட்டிகளையெல்லாம் குப்பை வண்டி வரும் ஓரத்தில் வரிசையாக இறக்கி வைத்திருந்தார்கள். சிலது கவிழ்ந்து கிடந்தது. ஆர்லீத்தா வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்த நாய் செத்துச்சுன்னா ஜெனீவா, இந்த ஊருல ஒருத்தியும் என் செடியத் தொடமாட்டா. நான் ஓட்டின பஸ்ஸு மறந்துபோகும், நான் வளத்த பெரணி மறந்துபோகும். நாய்க்கு வெஷம் வச்ச ஆர்லீத்தான்னுதான் பேரு நிக்கும்."

அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரை எனக்குத் தெரியாதா?

மிஸ் லர்லீன் வராந்தா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் புட்டிங், கையில் பால் கரண்டி. ஆர்லீத்தாவைக் கண்டதும் கரண்டியை நீட்டினார்.

"அங்கயே நில்லு. படி ஏறாத."

"நாயப் பாக்கணும், மிஸ் லர்லீன்."

"பாத்துட்டு? மிச்சத்தையும் முடிச்சிட்டுப் போறியா?"

"டாக்டர்ட்ட கொண்டு போனீங்களா?"

"எதுக்கு? என் ஒண்ணுவிட்ட தங்கச்சி சொன்னா, எலை வெஷம் பால் குடுத்தா முறிஞ்சிடுமாம். சாயங்காலத்துக்குள்ள இறங்கிடும்னா."

ஆர்லீத்தா படி ஏறிவிட்டாள். அவளைத் தடுக்கும் வலு மிஸ் லர்லீனின் தோளுக்கு இல்லை. துண்டோடு நாயைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனாள். அது கண்ணைத் திறக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருந்தது. பிறகு அதன் வாயை முகர்ந்தாள், திரும்பவும் முகர்ந்தாள்.

"இந்த வாசனை எங்கயோ பழக்கமா இருக்கே. மிஸ் லர்லீன், போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கம்பளிக் கோட்டு போட்டு வந்தீங்கல்ல? ஊதாக் கலரு. நான் உங்களுக்குப் பின்வரிசையில உக்காந்து தும்மிக்கிட்டே இருந்தேன்."

"என் கோட்டுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அந்தக் கோட்டு வாசனைதான் இதோட வாயில."

நாயை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தாள். ஊஞ்சல் பக்கத்துத் தொட்டியில் இலைகளை ஒதுக்கினாள். மண் கிளறிக் கிடந்தது. விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வெள்ளையாக, உருண்டையாக, ஒரு பக்கம் பல் பட்டு உடைந்திருந்தது. பாச்சா உருண்டை.

மிஸ் லர்லீன் ஊஞ்சலை நிறுத்தினார். "அது அணிலுக்கு வச்சது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தொட்டியத் தோண்டிப் போடுது. எல்லாரும்தான் வைக்கிறாங்க."

அதுவும் உண்மைதான். துணிப் பெட்டிக்குள் போடுவதை எங்கள் ஊரில் தொட்டிக்குள்ளும் போடுவார்கள். அணில் வராது, பாம்பு வராது, குருவி கூடு கட்டாது என்று ஆளுக்கு ஒரு காரணம். வெயிலேறினால் தெரு முழுக்க அந்த வாசனைதான். எங்கள் மூக்குக்குப் பழகிப்போய், அது வசந்த காலத்தின் வாசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஆர்லீத்தாவின் கொட்டகையில் அணிலை விரட்டும் வேலை பிஸ்கட்டினுடையது. அதனால் அங்கே உருண்டைக்கு இடமில்லை.

"வேற என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் எலும்புத்தூள்... வேர் பிடிக்கட்டும்னு."

"நான் என்ன சொன்னேன்? தண்ணி மட்டும் ஊத்துங்கன்னு சொன்னேனா இல்லையா? எலும்பு வாசனைக்கு நாய் தோண்டியிருக்கு. தோண்டினப்ப தூளோட சேத்து உருண்டையையும் முழுங்கியிருக்கு. வயித்தப் பிசைஞ்சதும் வாந்தி எடுக்கலாம்னு அதுவே போயி எலையத் தின்னிருக்கு. என் நாயும் அதத்தான் செய்யும். என் பெரணி உங்க நாயக் கொல்லல, மிஸ் லர்லீன். அது காப்பாத்தப் பாத்திருக்கு! அந்தப் பாலக் கீழ வச்சிட்டு வண்டியில ஏறுங்க."

மாதர் சங்கத் தலைவி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினார். நாயை அவர் மடியில் வைத்துவிட்டு, நான் தொட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன்.

பக்கத்து ஊரில்தான் கால்நடை டாக்டர். பேருந்து ஓட்டும்போது ஆர்லீத்தா குழந்தைகளுக்காக எவ்வளவு மெதுவாகப் போவாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சேர்த்து ஓட்டினாள். நடுவில் ஒரு டிராக்டர் வழிமறித்தது. கண்ணாடியை இறக்கி, "டேய் கர்ட்டிஸ்! ஓரம் கட்டுடா! ரெண்டாங்கிளாஸ்ல எப்படியோ இப்பவும் அப்படியே இருக்க!" என்று கத்தினாள். தாடி நரைத்த கர்ட்டிஸ் டிராக்டரை வரப்பில் இறக்கிவிட்டான்.

டாக்டர் ஹோலிஸ் நல்ல மனுஷி. ஆர்லீத்தாவின் பாதித் தலையைப் பார்த்தும் சிரிக்கவில்லை. நாயை வாங்கிக்கொண்டார், உடைந்த உருண்டையை வாங்கி முகர்ந்தார், தொட்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பெரணியத் தின்னுதுன்னா சொன்னீங்க?"

மிஸ் லர்லீன் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டன் பெரணி நாய்க்கு ஒண்ணும் பண்ணாதுங்க. மிஞ்சிப் போனா வயிறு கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். எலைன்னு மட்டும் சொல்லிக் கொண்டு வந்திருந்தா நான் வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்பேன். இந்த உருண்டை ரத்தத்தக் கெடுக்கும். பால் வேற குடுத்தா இன்னும் சீக்கிரம் உடம்புல ஏறும். நல்ல வேளை, இதக் கையோட எடுத்துட்டு வந்தீங்க. யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்!" என்றாள் ஆர்லீத்தா, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

நாயை உள்ளே கொண்டுபோனார்கள். மிஸ் லர்லீன் நகரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆர்லீத்தா அவர் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கித் தன் பையில் போட்டாள். குத்தலாக ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று நினைத்தேன். "அவன் கெட்டிக்காரன், மிஸ் லர்லீன். எலையத் திங்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று மட்டும் சொன்னாள். மிஸ் லர்லீன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வண்டியில் ஏறியதும் ஆர்லீத்தா சாவியைத் திருப்பாமல் யோசித்தாள். "எல்லாரும்தான் வைக்கிறாங்கன்னு சொன்னாருல்ல? அப்ப எல்லா வீட்டு நாயும்தான்" என்றாள்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் ஊரில் ஒரு வராந்தாவை அவள் விடவில்லை. பாதித் தலையோடு படியேறுவாள், வராந்தாவில் இருந்தாலும் தெருவோரத்தில் இருந்தாலும் தொட்டியைத் துழாவுவாள், உருண்டைகளை வாளியில் போடுவாள். "செடிய நான் குடுத்தேன். இந்தக் கழிசடைய யாரு குடுத்தா?" என்று வீட்டுக்காரியைப் பிடிபிடியென்று பிடிப்பாள். ஓடெஸ்ஸா வீட்டுத் தொட்டியில் மட்டும் கை நிறைய வந்தது. "அடிப்பாவி, செடி வளக்குறியா, கம்பளிய மூட்டை கட்டி வச்சிருக்கியா?" என்றாள். வாளி கனத்துவிட்டது. ஆனாலும் தெரு ஓரத்திலிருந்த தொட்டிகளை யாரும் மேலே ஏற்றவில்லை. குப்பை வண்டியிடம் கொடுக்காமல் வாசலுக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். ஆர்லீத்தா தன் செடிக்காகப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவாள் என்ற நினைப்பு. நாய் பிழைக்குமா என்று பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள்.

சனிக்கிழமை அவள் தலையின் இடப்பக்கத்தை முடித்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தவள் பெருமை பேசவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்னையர் தினம். சபை நிரம்பியிருந்தது, தொப்பி தொப்பியாக. மேடைப் படியில் ஒரு பெரணி இருந்தது. மண் மாற்றி, இலை கழுவி, தொட்டியில் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. அந்தத் தொட்டியை எனக்குத் தெரியும், நான்தானே வண்டியில் ஏற்றினேன். பாடகர் குழு எழுந்திருக்கும் நேரத்தில் மிஸ் லர்லீன் உள்ளே வந்தார். கையில் புட்டிங். எங்கள் சபைக்குள் நாய் வந்ததில்லை. வாசலில் நின்ற ஊழியர்களில் ஒருவர் வாயைத் திறந்தார். மிஸ் லர்லீன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அறிவிப்பு நேரம் வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"வியாழக்கிழமை உங்க எல்லாருக்கும் போன் பண்ணி ஒண்ணு சொன்னேன். அது பொய். என் நாயக் கெடுத்தது பெரணி இல்ல, நான் வச்ச உருண்டை. காப்பாத்தினது சிஸ்டர் ஆர்லீத்தா டாலிவர்." மூச்சு வாங்கினார். "எனக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து அப்படி வந்ததே பெரிது. ஆனாலும் பின்வரிசையில் முணுமுணுப்பு அடங்கவில்லை. "இருந்தாலும் எதுக்கு வம்பு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. ஆர்லீத்தாவின் காதிலும் விழுந்தது. அவள் தொப்பி அசையவில்லை.

அப்போது புட்டிங் மிஸ் லர்லீனின் மடியிலிருந்து நழுவி இறங்கியது. நடுப்பாதையில் குட்டைக் காலை எடுத்து வைத்து, யாரையும் பார்க்காமல் நேராக மேடைக்குப் போனது. ரிப்பனை முகர்ந்தது. பிறகு ஒரு நீள இலையை வாயில் கவ்வி இழுத்து, மெல்லத் தொடங்கியது. போதகர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். சபை முழுவதும் மிஸ் லர்லீனைத் திரும்பிப் பார்த்தது.

அவர் பாதி எழுந்துவிட்டார். முன்வரிசையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு நாய். மூன்று நாள் முன்புதான் சாவின் வாயிலிருந்து மீண்டது. அவர் ஆர்லீத்தாவைப் பார்த்தார். ஒன்றும் ஆகாது என்பதுபோல் ஆர்லீத்தா தலையை மட்டும் ஆட்டினாள். மிஸ் லர்லீன் மெல்ல உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"திங்கட்டும்" என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அவ்வளவுதான், ஆர்லீத்தா துள்ளி எழுந்தாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியாது. "தின்னுடா ராஜா! வயிறு முட்டத் தின்னு! பத்தலன்னா சொல்லு, கொட்டாய் பூரா உனக்குத்தான்!" சபை சிரித்த சிரிப்பில் பிரசங்கம் பத்து நிமிஷம் தள்ளிப்போனது. கைதட்டினார்கள், பியானோக்காரர் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

மதிய விருந்துக்கு உட்காருவதற்கு முன்பே சர்ச் தெருவில் எல்லாப் பெரணியும் கொக்கியேறிவிட்டது. முதல் ஏணியைப் பிடித்தவள் ஓடெஸ்ஸா.

புட்டிங் தின்று தீர்த்ததில் மேடைப் பெரணி ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. வேறு ஒன்று தருகிறேன் என்று ஆர்லீத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மிஸ் லர்லீன் கேட்கவில்லை.

"உன் தலை அன்னிக்கு இப்படித்தானே இருந்துச்சு" என்றார். "இதே எனக்குப் போதும், ஆர்லீத்தா. கொண்டு வந்து மாட்டிக் குடு. என் தோள் வலிக்குது."